கடைமடை ஆழம்

மூணாறு தலைப்பில் எனக்கு இரவுப் பணி.
மணிக்கொரு தரம் அளவுகோலைப் பார்த்துப்
பதிவேட்டில் எழுதவேண்டும், அவ்வளவுதான்.
மற்ற ஐம்பத்தைந்து நிமிடமும்
தண்ணீர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

பிரிவு அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரம்
பழையதைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள்.
சேர்த்தேன். அனுப்பவில்லை.
இரண்டிலும் ஒரே செஸ் இன்ஜினை ஏற்றி
ஒற்றை ஒயரில் கோத்து
எதிரெதிரே உட்காரவைத்தேன்.
ஒரே மூளை, ஒரே பாடம்.
புதியதன் பிராசஸர் மட்டும் இரண்டு மடங்கு ஓடும்.
காய் நகர்த்த ஐந்து நொடி.

"ரெண்டு மடங்கு வேகம்னா
ரெண்டு மடங்கு அடிக்குமா?" என்றான்
லஸ்கர் பாக்கியநாதன்,
ஷட்டர் சாவியை மடியில் கிடத்திக்கொண்டு.
புதியதன்மேல் ஒரு டீ கட்டினான்.

நான்கு இரவுகள், நூறு ஆட்டம்.
முப்பத்தொன்று புதியதற்கு.
பன்னிரண்டு பழையதற்கு.
மிச்சம் ஐம்பத்தேழும் டிரா.

"இதுக்கா அத்தனை விலை" என்று
அவன் சலித்துக்கொண்டபோதுதான்
இடும்பாவனத்திலிருந்து கமலவேணியின் போன்.
இரவு இரண்டே முக்கால்.
"தண்ணிய ரெட்டிப்பா விட்டாச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு.
எங்க வாய்க்கால்ல தவளைக்கு முதுகு நனையல."

பாக்கியநாதன் போனை வாங்கினான்.
"அம்மா, ஆறு இங்கயே மூணாப் பிரியுது.
மூணும் வாய்க்காலாப் பிரியுது,
வாய்க்கால் கன்னியா, கன்னி மடையா.
தலைப்புல ரெட்டிப்பா விட்டா
கடைசியில ஒரு மடை கூடப் பாயும்.
ஒரே ஒரு"
நிறுத்திவிட்டுத்
திரையைப் பார்த்தான்.

பழையதன் மூலையில்: ஆழம் 22.
புதியதன் மூலையில்: ஆழம் 23.

குதிரைக்கு எட்டு வழி,
ராணிக்கு நடுக்கட்டத்தில் இருபத்தேழு,
ஒவ்வொன்றுக்கும் பதில், பதிலுக்குப் பதில்.
உதவாத வழிகளை
இன்ஜினே மண்வெட்டி போட்டு அடைத்துக்கொண்டு வருகிறது.
அப்படியும் கிளைக்கிறது.
வேகத்தையெல்லாம் அகலம் குடித்துவிட,
நுனியில் போய்ச் சேர்வது
ஒரு நகர்த்தல் தூரப் பார்வை.

முப்பத்தொரு வெற்றியும்
அந்த ஒன்றில் விளைந்தவை.

அதற்கப்புறம் விடமுடியவில்லை.
பழையதற்குப் பத்து நொடி கொடுத்தேன்,
புதியதற்கு அதே ஐந்து.
சரிக்குச் சரி நின்றன.
வேகம் என்பது
நேரத்தையே வேறு மரக்காலால் அளப்பது.
இரண்டுக்கும் நிமிடக்கணக்கில் கொடுத்த இரவு
இருபதில் பதினெட்டு டிரா.
பாக்கியநாதன் மணல் மூட்டைமேல் தூங்கிப்போனான்.

ஆடிப் புழுக்கத்தில் ஓர் இரவு
புதியது வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றது.
ராணியை ஒரு சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டு
எதையோ யோசித்தபடி இருந்தது.
ஆழம் இருபதைத் தாண்டவில்லை.
பெட்டியைத் திறந்தோம்.
விசிறிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.
வெந்துபோகாமலிருக்க பிராசஸர்
யாரிடமும் உத்தரவு கேட்காமல்
தன் ஷட்டரைத் தானே பாதி இறக்கிக்கொண்டிருக்கிறது.

"கொடுத்து வச்சது" என்றான் பாக்கியநாதன்.
எங்களுக்கு அரையடி தூக்கக்கூடத்
தஞ்சாவூரிலிருந்து தாள் வரவேண்டும்.
டீக்காசை அவனே கொடுத்தான்.

கமலவேணி மறுபடி கூப்பிட்டாள்.
வந்துவிட்டதாம், கணுக்கால் மட்டும்.
பக்கத்து மடைக்கு இன்னும் இல்லையாம்.
பக்கத்து மடைக்காரர்
என் நம்பரை வாங்கிவைத்திருக்கிறாராம்.

நேற்று ஏ.ஈ. பதிவேட்டைப் புரட்டி
சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார்.
அளவுகோல் கலத்தில், அதிகாலை மூன்று மணிக்கு நேரே,
என் கையெழுத்தில்: 23.
"கோரையாத்துல இருபத்துமூணு அடி ஓடிச்சாய்யா?
நீடாமங்கலம் இருக்கா, முழுகிடுச்சா?"

எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்.
இதோ,
எழுதிக்கொண்டிருக்கிறேன் ஐயா.